ஆறு, ஆல்பம், பாய்: மூன்று படங்களில் போட்டோ எடிட்டிங் பழகலாம்

போட்டோ எடிட்டிங் மென்பொருளை முதன்முதலில் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இடப்பக்கப் பட்டையில் இருக்கும் ஐகான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார்கள். பத்து நிமிடத்தில் படம் கோணல்மாணலாகிறது. மூடிவிட்டுப் போனில் இருக்கும் ஃபில்டருக்கே திரும்பிப் போகிறார்கள். எல்லா டூல்களையும் ஒரே மூச்சில் சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்ப்பவர்களின் நிலையும் இதேதான். பார்க்கும்போது எல்லாம் புரியும். சொந்தப் படத்தை எடுத்து வைத்தால் எங்கே தொடங்குவதென்று தெரியாது.

நான் சொல்வது தலைகீழ் வழி. முதலில் ஒரு படத்தை எடுங்கள். அதில் என்ன குறை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்: சாய்ந்திருக்கிறது, இருட்டாக இருக்கிறது, கறை இருக்கிறது. அந்தக் குறைக்குரிய டூலை மட்டும் தேடிப் போங்கள். முதல் மாதத்துக்கு ஏழெட்டு டூல் தெரிந்தால் போதும். மற்றவை பட்டையிலேயே கிடக்கட்டும், அவசரமில்லை.

பழக மூன்று படங்களை வைத்துக்கொள்வோம். ஒன்று, திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணிக் கரையில் நின்று போனில் எடுத்தது. இரண்டு, வீட்டு ஆல்பத்தில் இருக்கும் பழைய கல்யாணப் படம். மூன்று, விற்பனைக்காக எடுத்த பத்தமடைப் பாயின் படம். உங்களிடம் கூந்தன்குளத்துப் பறவையோ, பணகுடிப் பக்கத்துக் காற்றாலையோ இருந்தால் அதை வைத்தும் பழகலாம். குறைகள் எல்லாப் படத்திலும் இதே ஜாதிதான்.

எந்த மென்பொருள்

காசு செலவழிக்காமல் தொடங்க கிம்ப் போதும். 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது; இன்றும் இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்தது. பழைய 2.10 உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தாலும் இங்கே சொல்வதெல்லாம் அதிலும் உண்டு.

போட்டோஷாப் ஸ்டூடியோக்காரர்களின் மென்பொருள். மாதச் சந்தா கட்ட வேண்டும். "கிராக் போட்டுத் தாரேன், சும்மா வச்சுக்கோங்க" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அதோடு சேர்ந்து வைரஸும் வரும், நாளைக்கு ஆல்பம் முழுவதும் போனால் யாரிடம் போய்க் கேட்பது? லேப்டாப்பில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு போட்டோபீ இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும், முகம் போட்டோஷாப் மாதிரியே இருக்கும், விளம்பரம் மட்டும் ஓரத்தில் வரும்.

கீழே கிம்பின் குறுக்குவிசைகளைச் சொல்கிறேன். போட்டோஷாப்பில் மாறும் இடங்களில் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். டூலின் வேலை எங்கும் ஒன்றுதான், விசைதான் மாறும். பட்டையில் ஒரு ஐகானுக்குப் பின்னால் அதன் கூட்டாளிகளும் ஒளிந்திருப்பார்கள். ஐகானை அழுத்திப் பிடித்தால் வெளியே வருவார்கள். "என் கம்ப்யூட்டர்ல அந்த டூலே இல்ல" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைத் தெரியாதவர்கள்.

கை வைக்கும் முன்

அசல் படத்தை ஒருபோதும் தொடாதீர்கள். ஃபோல்டருக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து, நகலைத் திறங்கள். திறந்ததும் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டி அழுத்தினால் படம் இன்னொரு லேயராக மேலே ஏறி நிற்கும். போட்டோஷாப்பில் கன்ட்ரோல் + ஜே. லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள். மேல் தாளில் எதைக் கிறுக்கினாலும் கீழ்த்தாள் அப்படியே இருக்கும். வலப்பக்கம் லேயர் பட்டியலில் கண் ஐகானை அணைத்துப் போட்டால் முன்னும் பின்னும் தெரியும். வேலை நடுவில் இதை அடிக்கடி செய்து பாருங்கள். அரை மணி நேரம் ஒரே படத்தை வெறித்துப் பார்த்தால் கண் பழகிவிடும், மிஞ்சிப் போனது தெரியாது.

1990இல் வந்த போட்டோஷாப்பின் முதல் பதிப்பில் லேயரே கிடையாது. 1994இல் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை செய்தவர்கள் எப்படித்தான் செய்தார்களோ என்று எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

கன்ட்ரோல் + இசட், செய்ததை ரத்து செய்யும். பயமில்லாமல் சோதித்துப் பார்க்க இது ஒன்றே போதும். கன்ட்ரோல் + எஸ் அழுத்தினால் கிம்ப் தன் சொந்த வடிவமான எக்ஸ்.சி.எஃப் கோப்பாகச் சேமிக்கும். லேயர்கள் எல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். அந்தக் கோப்பைப் போனில் அனுப்பினால் எதிராளிக்குத் திறக்காது. அவருக்கு வேண்டியது ஜேபெக். அதற்குக் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ, அதாவது எக்ஸ்போர்ட். சேமிப்பது உங்களுக்கு, எக்ஸ்போர்ட் செய்வது ஊருக்கு.

ஜேபெக்கில் ஒரு சங்கதி உண்டு. கோப்பைச் சிறிதாக்குவதற்காகக் கொஞ்சம் விவரத்தைக் கழித்துவிடும் வடிவம் அது. ஒரே ஜேபெக்கைத் திறந்து, திருத்தி, மறுபடி அதன்மேலேயே சேமித்து, மறுநாள் அதையே திறந்து திருத்தினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கழியும். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வரும் படங்கள் கட்டம் கட்டமாகத் தெரிவது இதனால்தான்.

முதல் படம்: குறுக்குத்துறை

முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது, சுற்றிலும் கல்மண்டபங்கள். உச்சி வெயிலில் எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். படம் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, மண்டபத்தின் உள்பக்கம் கறுத்துக் கிடக்கிறது, வானம் வெளுத்திருக்கிறது, படித்துறையில் ஒரு பிளாஸ்டிக் பை.

முதலில் சாய்வு. பலர் தண்ணீர்க் கோட்டை வைத்து நேராக்குவார்கள். அது கடலுக்குச் சரி. உவரியில் எடுத்த படத்தில் அடிவானம் நேராகத்தான் இருக்க வேண்டும். ஆற்றில் கரை வளைந்து போகும், நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்துச் சாய்வாகத்தான் தெரியும். ஆகவே மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவும் படத்தின் நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் தூணை. ஓரத்துத் தூண்கள் போன் லென்ஸில் இயல்பாகவே கொஞ்சம் சாயும். கிம்பில் மெஷர் டூலை எடுத்து, அதாவது ஷிஃப்ட் + எம், தூணின் அடியிலிருந்து உச்சிவரை ஒரு கோடு இழுங்கள். டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஸ்ட்ரெயிட்டன் என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் தூண் நிமிர்ந்து நிற்கும். போட்டோஷாப்பில் கிராப் டூலை எடுத்தாலே மேலே ஸ்ட்ரெயிட்டன் ஐகான் வரும்.

படம் சுழன்றதும் நான்கு மூலையிலும் முக்கோணமாக வெற்றிடம் தெரியும். அதை வெட்டத்தான் கிராப். ஷிஃப்ட் + சி. போட்டோஷாப்பில் சி மட்டும். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பிரிண்ட் போட்டதும் தாத்தாவின் தலைப்பாகை வெட்டுப்பட்டு வருவதற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. போன் படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று என்ற அளவில் இருக்கும். நாம் போடும் பிரிண்டோ ஆறுக்கு நாலு அங்குலம், அதாவது மூன்றுக்கு இரண்டு. 4000க்கு 3000 பிக்சல் (படம் உருவாகும் நுண்புள்ளிகள்) உள்ள படத்தை அந்தப் பேப்பரில் நிறைத்துப் போட்டால் உயரத்தில் 333 வரிசை பிக்சல் போயே ஆக வேண்டும். நீங்கள் வெட்டாவிட்டால் பிரிண்ட் போடும் லேபில் இருக்கும் மெஷின் வெட்டும், அதற்குத் தலைப்பாகையும் தெரியாது மாலையும் தெரியாது. ஆகவே கிராப்பின் ஆப்ஷனில் ஃபிக்ஸ்ட் என்பதை டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 3:2 என்று கொடுத்து, எதை இழக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். டெலீட் கிராப்டு பிக்சல்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டால் வெட்டிய பகுதியும் உள்ளே மறைந்திருக்கும். மனம் மாறினால் திரும்ப எடுக்கலாம்.

வெளிச்சம். கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ். மலை மாதிரி ஒரு வரைபடம் தோன்றும். இடக்கோடி கறுப்பு, வலக்கோடி வெள்ளை. 0 முதல் 255 வரை எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. கீழே மூன்று முக்கோணங்கள். கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்துக்கும், வெள்ளையை மலை முடியும் இடத்துக்கும் இழுங்கள். நடு முக்கோணத்தை இடப்பக்கம் தள்ளினால் படம் வெளுக்கும், வலப்பக்கம் தள்ளினால் இருளும். பிரைட்னஸ்–கான்ட்ராஸ்ட் என்ற டூல் இதைவிட எளிதாகத் தெரியும், ஆனால் அது கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகத் தூக்கிவிடும். லெவல்ஸ் பழகியவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

குறுக்குத்துறைப் படத்தில் வரைபடத்தின் வலக்கோடியில் ஒரு செங்குத்துச் சுவர் நிற்கிறதா? அதுதான் வெளுத்த வானம். அந்த இடத்தில் 255 என்ற எண்ணைத் தவிர வேறு விவரமே பதிவாகவில்லை. எந்த டூலும் அங்கே மேகத்தைக் கொண்டுவராது. வேறு படத்திலிருந்து வானத்தை வெட்டி ஒட்டுகிறவர்கள் உண்டு. கல்மண்டபத்தில் ஒரு பக்கம் நிழல் விழ, வானத்தில் சூரியன் அதே பக்கம் நிற்கும் படங்களையும் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை காலை ஏழு மணிக்குப் போய் எடுப்பது இதைவிடச் சுலபம்.

மண்டபத்தின் இருட்டு வேறு கதை. அங்கே விவரம் இருக்கிறது, அமுங்கிக் கிடக்கிறது. கலர்ஸ் மெனுவிலேயே ஷேடோஸ்–ஹைலைட்ஸ் இருக்கிறது. ஷேடோஸைக் கொஞ்சம் ஏற்றினால் தூணில் இருக்கும் சிற்பம் எழுந்து வரும். ரொம்ப ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அங்கே நிறுத்துங்கள். ஒரே ஒரு தூணுக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமென்றால் டாட்ஜ் டூல், ஷிஃப்ட் + டி. அதன் ஜோடி பர்ன், இருளாக்கும். இரண்டும் இருட்டறையில் பிரிண்ட் போட்ட காலத்துக் கைப்பழக்கங்கள். போட்டோஷாப்பில் பர்னின் ஐகான் இன்றும் வெளிச்சத்தைக் குவித்துக் காட்டும் ஒரு கை. எக்ஸ்போஷரை, அதாவது டூலின் வேகத்தை, பத்து, பதினைந்தில் வைத்து இரண்டு மூன்று தடவை தேய்ப்பது, ஐம்பதில் வைத்து ஒரே தடவை தேய்ப்பதைவிட இயல்பாக வரும்.

நிறத்தில் ஒரே எச்சரிக்கை. நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷன் என்ற பட்டையைப் பார்த்ததும் வலக்கோடிக்கு இழுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அம்பை, கல்லிடை வயல்களின் பச்சைக்கு அது தேவையே இல்லை. பத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.

பிளாஸ்டிக் பை கடைசி. படத்திலிருந்து எடுக்க ஹீல் டூல், எச். (ஆற்றிலிருந்து எடுக்க வேறு டூல் வேண்டும்.) ஹீல் எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த படத்தில் விரிவாகப் பார்ப்போம், அங்கேதான் அதற்கு முழு வேலை.

இரண்டாம் படம்: ஆல்பம்

2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி வீடுகளில் பீரோவின் அடித்தட்டுவரை தண்ணீர் ஏறியது. நனைந்த ஆல்பங்களைப் பல வீடுகளில் இன்னும் வைத்திருக்கிறார்கள். வெள்ளம் பார்க்காத ஆல்பமும் அறுபது எழுபது வயதில் தானாகவே மங்கும். ஆகவே இந்த வேலைக்கு நம் பக்கத்தில் தேவை அதிகம், பழகுவதற்கும் இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கப் பார்க்காதீர்கள். முகம் கண்ணாடியில் தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைத்தால் ஆறுக்கு நாலு படம் 3600க்கு 2400 பிக்சலாக வரும். அதற்கு மேல் போவதில் பழைய பிரிண்டில் பெரிய லாபமில்லை. ஸ்கேனர் கண்ணாடியை முதலில் துடையுங்கள். அங்கே இருக்கும் ஒரு தூசி, எல்லாப் படத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரம் படத்தைப் படுக்கவைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே மட்டமாகப் பிடித்து எடுங்கள்.

எழுபதுகளின் கலர் படம் என்றால் பெரும்பாலும் செம்மண் நிறமாகிப் போயிருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றதைவிடச் சீக்கிரம் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. இதற்கும் லெவல்ஸ்தான், ஆனால் மேலே சேனல் என்ற இடத்தில் வேல்யூவுக்குப் பதிலாக ரெட், கிரீன், புளூ என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றிலும் தனித்தனியாக, கறுப்பு முக்கோணத்தை மலையின் தொடக்கத்துக்கும் வெள்ளை முக்கோணத்தை மலையின் முடிவுக்கும் கொண்டுபோங்கள். மூன்றாவது சேனலை முடிக்கும்போது மாப்பிள்ளையின் வேட்டி வெள்ளையாகவும் பந்தலின் தென்னங்கீற்று பச்சையாகவும் திரும்பும். எடிட்டிங்கில் இதைப் போல ஒரே நிமிடத்தில் பலன் தரும் வேலை வேறு இல்லை.

இனிக் கறைகள். விசைப்பலகையில் 1 அழுத்தினால் படம் நூறு சதவீத அளவில் தெரியும். அந்த அளவில்தான் கறை எடுக்க வேண்டும். இடது மேல் மூலையில் தொடங்கி வரிசையாக நகருங்கள். கண்ணில் பட்ட இடமெல்லாம் தாவினால் பாதி விட்டுப் போகும்.

ஹீல் டூலுக்கு நல்ல தோல் எது என்று காட்ட வேண்டும். கறைக்குப் பக்கத்தில் அதே மாதிரி இருக்கும் இடத்தில் கன்ட்ரோல் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யுங்கள். பிறகு கறையின் மேல் தேயுங்கள். அது மூலத்தின் இழையை எடுத்து, கறை இருக்கும் இடத்தின் வெளிச்சத்தோடும் நிறத்தோடும் கலந்து பூசும். பிரஷ் கறையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்க வேண்டும். இருபக்கச் சதுர அடைப்புக்குறி விசைகள் பிரஷைச் சிறிதாக்கும், பெரிதாக்கும். போட்டோஷாப்பில் ஹீலிங் பிரஷுக்கு ஆல்ட் பிடித்து கிளிக் செய்ய வேண்டும். ஸ்பாட் ஹீலிங் என்றால் மூலம் காட்ட வேண்டியதே இல்லை, கறையின் மேல் தொட்டால் போதும்.

ஹீல் தோற்கும் இடம் ஒன்று உண்டு. கறுத்த தலைமுடியும் வெளுத்த சுவரும் சந்திக்கும் விளிம்பில் வைத்தால் இரண்டையும் கலந்து அழுக்காக்கிவிடும். அங்கே குளோன் டூல், சி. போட்டோஷாப்பில் எஸ். இது எதையும் கலக்காது, எடுத்ததை அப்படியே பதிக்கும். பட்டுச்சேலையின் ஜரிகைக் கரையில் மடிப்புக் கோடு விழுந்திருந்தால் குளோன்தான் சரி: ஜரிகையின் ஒரு கட்டத்தின் மூலையில் கன்ட்ரோல் + கிளிக், கிழிந்த கட்டத்தின் அதே மூலையில் தொடங்கித் தேய்த்தல். கரை மறுபடி ஒட்டிக்கொள்ளும். சுவர், கன்னம், வானம் போன்ற மெத்தென்ற பரப்புக்கு ஹீல். விளிம்புக்கும் வடிவத்துக்கும் குளோன். இந்த ஒரு வித்தியாசம் கைவந்தால் பாதி ரீடச்சிங் கைவந்த மாதிரி.

கண்ணிலும் உதட்டிலும் கறை இருந்தால் கடைசியாகத் தொடுங்கள், முடிந்த மட்டும் குறைவாகத் தொடுங்கள். ஏஐ செயலிகள் முகத்தைப் பளிச்சென்று திருப்பித் தருகின்றன, உண்மை. ஆனால் பதிவில் இல்லாத விவரத்தை அவை ஊகித்து வரைகின்றன. ஆச்சியின் பழைய மங்கலான முகத்தைக் கொடுத்தால் ஆச்சி வயதில் யாரோ ஒருத்தியைத் தரும். வீட்டில் பெரியவர்கள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள்: "யாருல இது?"

இன்னொன்று. ஸ்டூடியோக்களில் நாள்தோறும் கேட்கும் வாசகம், "அண்ணாச்சி, பொண்ணு முகத்த கொஞ்சம் வெளுப்பாக்கித் தாங்க." முகத்தை மட்டும் லெவல்ஸில் தூக்கினால் கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று ஆகும், மூக்கின் நிழல் கரைந்து முகமே தட்டையாகும். தொழில்நுட்பமாகவும் அது மோசமான வேலை, மற்றபடியும் எனக்கு அதில் சம்மதமில்லை. நிழல் விழுந்து கண் தெரியாவிட்டால் நிழலை மட்டும் தூக்குங்கள்.

மூன்றாம் படம்: பத்தமடைப் பாய்

கோரைப்பாய் நெய்யும் வீடுகளில் இப்போது பிள்ளைகள் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்கிறார்கள். திண்ணையில் விரித்து எடுத்த படத்தில் பாயோடு செருப்பும் தண்ணீர்க் குடமும் விழுந்திருக்கும். பாயை மட்டும் வெட்டி வெள்ளைப் பின்னணியில் வைக்க வேண்டும். இங்கேதான் செலக்‌ஷன் டூல்கள் வருகின்றன.

செலக்‌ஷன் செய்துவிட்டால் அதன்பிறகு எந்த டூலை எடுத்தாலும் அந்தப் பகுதிக்குள் மட்டும் வேலை செய்யும். ஓரமெல்லாம் ஊரும் புள்ளிக்கோடு அதன் எல்லை. புதியவர்களை மிகவும் குழப்புவது இதுதான்: எங்கோ ஒரு மூலையில் சின்ன செலக்‌ஷன் ஒன்று நிற்கும், அது கண்ணில் படாது, பிரஷ் வேலை செய்யவில்லை என்று மென்பொருளையே திரும்ப நிறுவுவார்கள். பிரஷ் ஓடவில்லையா, முதலில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஏ அழுத்தி செலக்‌ஷனைக் கலையுங்கள்.

மேலிருந்து சரியாக எடுத்த பாயாக இருந்தாலும் அது மிகச் சரியான செவ்வகமாக இருக்காது. ஆகவே ரெக்டாங்கிள் செலக்ட் உதவாது. ஃப்ரீ செலக்ட், எஃப். ஒரு மூலையில் கிளிக், விளிம்பில் கொஞ்சம் தள்ளி இன்னொரு கிளிக், வளைகிற இடத்தில் அடுத்தடுத்துக் கிளிக் என்று சுற்றிவந்து தொடங்கிய புள்ளியில் முடித்து எண்டர். நிறத்தைப் பார்த்துத் தானே பிடிக்கும் ஃபஸி செலக்ட் பாய்க்கு ஆகாது. சிவப்பு, பச்சைக் கோரைகள் மாறி மாறி வருவதால் ஒவ்வொரு கோடாகப் பிடிக்கும். ஒரே நிறச் சுவரின் முன்னால் வைத்த பானை போன்றவற்றுக்கு அது நல்லது: சுவரைக் கிளிக் செய்து, கன்ட்ரோல் + ஐ அழுத்திப் புரட்டினால் பானை கைக்கு வரும்.

செலக்‌ஷன் ஆனதும் வெளியே இருப்பதை அழிக்காதீர்கள். லேயரின் மேல் வலது கிளிக், ஆட் லேயர் மாஸ்க், அதில் செலக்‌ஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளிப்பகுதி மறையும். மாஸ்க்கில் வெள்ளை பூசிய இடம் தெரியும், கறுப்பு பூசிய இடம் மறையும். ஒரு மூலையைத் தவறாக வெட்டியிருந்தால் வெள்ளை பிரஷால் தடவினால் திரும்ப வந்துவிடும். அழிப்பானால் அழித்திருந்தால் போனது போனதுதான். கீழே இருக்கும் அசல் லேயரின் கண்ணை அணைத்து, புதிதாக ஒரு லேயர் போட்டு வெள்ளை நிரப்பி மாஸ்க் போட்ட லேயருக்குக் கீழே இழுத்து வைத்தால் பின்னணி தயார்.

நிறத்துக்கு எடுக்கும்போதே ஒரு தந்திரம் செய்யலாம். பாயின் ஓரத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்துப் படம் எடுங்கள். லெவல்ஸில் மூன்று சொட்டுக்குழாய் ஐகான்கள் இருக்கும். நடுவில் உள்ள சாம்பல் குழாயை எடுத்துத் தாளின் மேல் கிளிக் செய்தால், திண்ணையின் மஞ்சள் வெளிச்சம் கழன்று பாயின் உண்மை நிறம் வரும். தாள் வெயில் பட்டு முழு வெள்ளையாகப் பொங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாஸ்க்கில் தாளும் மறைந்துவிடும். பாயில் இல்லாத சிவப்பைப் படத்தில் ஏற்றினால் சென்னையில் பார்சலைப் பிரித்ததும் போன் வரும்.

மெல்லிய பாயைத் திரையில் சிறிதாக்கிப் பார்க்கும்போது அலை அலையாக ஏதோ கோலம் தெரியும். பயப்பட வேண்டாம். நெருக்கமான கோடுகளும் திரையின் பிக்சல் வரிசையும் மோதுவதால் வருவது. 1 அழுத்தி நூறு சதவீதத்தில் பாருங்கள், அங்கேயும் இருந்தால்தான் படத்தில் குறை.

விலையைத் தமிழில் எழுத

படத்தின் மேல் "பத்தமடைப் பாய்" என்றும் விலையும் எழுத டெக்ஸ்ட் டூல், டி. கிம்பில் தமிழ் ஒழுங்காகவே வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் போதும். போட்டோஷாப்பில் "கொ" என்பது கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து வருகிறதா? எழுத்துரு மீது பழியில்லை. பிரிஃபரன்சஸில் டைப் என்ற பக்கத்துக்குப் போய், வேர்ல்டு–ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்று இருக்கும். பிறகு புதிதாகத் தட்டச்சு செய்து பாருங்கள்.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய வரிகள் உங்கள் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய முறையில் அடித்தது. யூனிகோடாக மாற்றித் தரும் இணையக் கருவிகள் இருக்கின்றன. இரண்டு வரிதான் என்றால் நீங்களே திரும்ப அடித்துவிடுவது சீக்கிரம் முடியும்.

வெளியே அனுப்புமுன்

எந்தப் படமானாலும் வேலையின் வரிசை இதுதான்: நேராக்கு, வெட்டு, வெளிச்சம், நிறம், கறை. அதற்குப் பிறகுதான் அளவு மாற்றம், எல்லாம் முடிந்து கூர்மை. கறை எடுத்தபின் வெளிச்சத்தை ஏற்றினால் ஒட்டுப்போட்ட தடங்கள் எழுந்து நிற்கும்.

அளவுக்கு இமேஜ் மெனுவில் ஸ்கேல் இமேஜ். ஆறுக்கு நாலு பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 1800க்கு 1200 போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் அப்படியே விடுங்கள். சிறிய படத்தை ஸ்கேல் செய்து பெரிதாக்கினால் பிக்சல் கூடும், விவரம் கூடாது. கூர்மைக்கு ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதற்குள் ஷார்ப்பன். முகத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜேபெக் குவாலிட்டியை 90க்குப் பக்கத்தில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் லேபுக்கு அனுப்புவதானால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் வழியிலேயே சிறிதாக்கிவிடும். பென்டிரைவ் கொண்டுபோவது இன்னும் நல்லது. லேப் மெஷின்கள் தாமாகவே நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றிப் போடக்கூடியவை, நீங்கள் சேனல் சேனலாக உட்கார்ந்து கொண்டுவந்த வேட்டியின் வெள்ளை அங்கே நீலமாகலாம். ஆகவே கோப்பைக் கொடுக்கும்போதே, "அண்ணாச்சி, கலர் கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க, இருக்கபடியே ஒண்ணு மட்டும் போட்டுக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். அந்த ஒன்றைக் கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மிச்சத்தைப் போடச் சொல்லலாம்.